இருநூற்றுப் பதினேழாவது கை

ஐந்தே முக்காலுக்கே வரிசை
படிக்கட்டு இறங்கி, வாசல் தாண்டி
சைக்கிள் நிறுத்தம் வரை போயிருக்கும்.
ராத்திரி காட்பாடியில் இறங்கியவர்கள்
லாட்ஜ் சோப்பு வாசனையோடு நிற்பார்கள்.
எல்லோருக்கும் வெறும் வயிறு.
எனக்கும்தான்,
ஆனால் எனக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

நான்கு மொழிகளில் எனக்குத் தெரிந்தது
இரண்டே வாக்கியம்.
கையை மடக்குங்க.
முட்டோ கொரோ, முட்டி பந்த் கரோ,
சித்தூர்க்காரர்களுக்குப் பிடிகிலி.
அப்புறம்,
விடுங்க.

ஊசியைப் பிரிக்கும்போது நான் இங்கே இருப்பதில்லை.
சத்துவாச்சாரி மூன்றாவது தெருவில்
தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டிருப்பேன்.
வியாழக்கிழமை குழுக்கடன் தவணை.
ரூபன் கணக்கில் முப்பத்தொன்று.
அக்கா வீட்டுக்காரர் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு
அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை
தினமும் கொஞ்சம் தீட்டித் தீட்டி
இப்போது அது
கையில் இருக்கும் ஊசியைவிடக் கூர்.

அதற்குள் ஒரு கை வந்து மேஜைமேல் நீளும்.

நரம்பைக் கண்ணால் தேடக்கூடாது.
நீலமாகத் தெரிவது பாதி பொய்.
விரலை வைத்து அமுக்கி, விட்டு, அமுக்கி...
லேசாகத் துள்ளும் பாருங்கள், அது.
தூங்குகிற தவளை மாதிரி.
(தவளையை நான் தொட்டதில்லை.
ஆனாலும் அப்படித்தான்.)
அந்தச் சமயத்தில் என் உடம்பே மொத்தம்
ஒரு விரல் நுனி அகலம்.
அதற்கு அந்தப் பக்கம்
வேலூரே கிடையாது.

போன திங்கட்கிழமை அப்படி இல்லை.
கத்திரி வெயில், மின்விசிறி சூட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது.
கால்னாவிலிருந்து வந்தவர், மூங்கில் குச்சி போலக் கை.
குத்தும்போது நான் அக்கா வீட்டுக்காரரிடம்
பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தோலுக்கடியில் ஒரு திராட்சை
மெல்ல நீலமாக உப்பியது.
அவர் கத்தவில்லை.
தன் நரம்பு சரியில்லை என்று
ஏதோ சொல்லி, தலையைத் தாழ்த்தி,
என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.
பிறகு அடுத்த கையை நீட்டினார்.
நான் கேட்கவேண்டிய மன்னிப்பு
இன்னும் என்னிடமே இருக்கிறது,
எந்த மொழியில் என்று தெரியாமல்.

மாடியில் வகுப்பு வைத்தார்கள் ஊழியர்களுக்கு.
கண்ணை மூடுங்கள், மூச்சைப் பாருங்கள்.
பார்த்தேன்.
மூன்றாவது மூச்சில் தூங்கிவிட்டேன்.
எழுப்பாமல் விட்ட ஜெசிந்தாவுக்கு நன்றி.

இன்றைக்கு இருநூற்றுப் பதினேழு:
துளசிமணி, வயது ஆறு, பீஞ்சமந்தை.
முதல் பஸ் பிடிக்க
மலையிலிருந்து இருட்டில் இறங்கியிருக்கிறார்கள்.
"அந்தப் பக்கம் பாரு பாப்பா" என்றாள் அம்மா.
எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள்.
சுவரில் ஒரு ரோஜாப் படமே இருக்கிறது அதற்காக.
இவள் பார்க்கவில்லை.
ஊசி போகிற இடத்தையே
எறும்புப் புற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
குழாய் நிறைந்தது.
"சிவப்பா இல்லியே," என்றாள்,
"நாவப்பழமா இருக்கு."

பதினோரு வருஷம்.
ஒரு நாளைக்கு நூறு கை என்றாலும்
கணக்கு ரூபனுக்கு வராது, எனக்கும் வராது.
அவ்வளவையும் எடுத்து, ஒட்டி, அடுக்கி அனுப்பினேன்.
இப்போதுதான் பார்க்கிறேன், கறுப்பு.
விளிம்பில் மட்டும் வெளிச்சம் பட்டால் சிவப்பு.
உள்ளங்கைக்குள் அது
வெதுவெதுவென்று இருந்தது,
அப்போதுதான் உள்ளே இருந்துவிட்டு வந்த சூடு.
தேவைக்கும் மேல் ஒரு நொடி வைத்திருந்தேன்.

"விடட்டா?" என்றாள் துளசிமணி.
மடக்கிய கையை
இன்னும் மடக்கியே வைத்திருந்தாள்.
விடு கண்ணு, விடு.

பத்தரைக்கு டீ.
பாதி டம்ளரில் அக்கா வீட்டுக்காரர் வந்துவிட்டார்,
பதிலும் கூடவே வந்தது.
ஆனால் நாக்கு நுனியில் இஞ்சி காரமாக இருந்தது,
அதுவும் தெரிந்தது.
அவ்வளவுதான் இன்றைக்கு.

டம்ளரைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.
இருநூற்று நாற்பது யாருங்க?